மாணிக்கத்தி குடிக்கு ஓர் ஆண்

தை மாதம் ரதீஸ் ருமேனியாவுக்குப் போனான். அங்கே கோழி இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவன் போன பிறகு மாணிக்கத்தி குடியில் ஆண் இல்லை.

பெண்கள் நிறைய இருந்தார்கள்.

குடி தாய்வழியில் வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. தகப்பனுடைய குடி தகப்பனோடு சரி. மாணிக்கத்தி என்ற ஒருத்தியின் வயிற்றிலிருந்து கிளைத்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் இருந்த அந்த ஊரில் இன்னும் சில குடிகள் இருந்தன. எல்லாக் குடிகளும் பெண்களால் வந்தன. எல்லாக் குடிகளுக்காகவும் ஆண்கள் பேசினார்கள்.

மாணிக்கத்தி குடியின் ஆண்களில் சிலரை யுத்தம் கொண்டுபோனது. சிலரைக் கனடா, பிரான்ஸ், கட்டார். மிஞ்சியவன் ரதீஸ். வதனி என்ற பெண்ணின் தம்பி.

ஊரில் அம்மன் கோயில் இருந்தது. அம்மன் வருடத்தில் ஒரு கிழமை, வைகாசிச் சடங்கின்போது மட்டும், கதவு திறந்து வெளியே பார்ப்பாள். மற்ற நாட்களில் கதவு பூட்டியிருக்கும். ஊரார் அவளுக்கு மிகவும் பயப்பட்டார்கள்.

கோயிலுக்கு முள்ளிமடு வட்டை என்ற வயல்வெளியில் நிலம் இருந்தது. குடிக்கு ஒரு துண்டு. சித்திரையில், சடங்குக்கு முன், கோயில் மண்டபத்தில் சபை கூடும். கோயில் நிர்வாகத்துக்குத் தலைவரான வண்ணக்கர் ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குடியில் பிறந்த ஆண் ஒருவர் எழுந்து “உண்டு” என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தத் துண்டு வயல் இன்னொரு வருடத்துக்குக் குடியில் நிற்கும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் வயல் கோயிலுக்குத் திரும்பும். வண்ணக்கர் அதைத் தகுந்த ஒருவருக்குக் கொடுப்பார்.

ரதீஸ் வருடா வருடம் வேட்டி உடுத்துப் போய் “உண்டு” என்று சொன்னான். அவன் அந்த வயலில் செய்த வேலை அதுதான். உழவு பிடித்தது, விதைத்தது, தண்ணீர் கட்டியது, யானைக்கு வெடி போட்டது, வெட்டு மெஷினோடு சண்டை பிடித்தது எல்லாம் வதனி. கோயிலுக்குரிய நெல்லைக் கொண்டுபோய் அளந்ததும் அவள்தான். அதற்கெல்லாம் யாரும் தடை சொன்னதில்லை.

அந்த வயலில்தான் அவளுடைய வீடு சாப்பிட்டது. மகள் கம்சாயினி பல்கலைக்கழகத்தில் படித்தாள். கணவன் கனகசிங்கம் ஓட்டோ வைத்திருந்தான். ஓட்டோ ஓடுமளவுக்கு ஊர் நீளமாக இருக்கவில்லை.

வண்ணக்கர் கந்தப்போடி எழுபதை நெருங்கியவர். ஊரார் போடியார் என்பார்கள்; முள்ளிமடு வாய்க்காலில் தண்ணீர் திறப்பதும் அவர் பொறுப்பு. பேராசைக்காரர் அல்ல. மாணிக்கத்தி குடியின் வயல் தன் தங்கையின் மகனுக்குப் போனால் தடுக்கமாட்டார், அவ்வளவுதான்.

மாசி மாத அறுப்பு முடிந்ததும் வதனி அவரிடம் போனாள். அவர் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடியார், ரதீஸ் போயிட்டான்.”

“கேள்விப்பட்டன். சரியான குளிராமே அங்க.”

“இந்த முறை சபையில எங்கட குடிக்கு நான் உண்டு சொல்றன்.”

கந்தப்போடி பேப்பரை மடித்தார்.

“நீயா?”

“நான்தானே வயல் செய்யிற.”

“ஆர் இல்லெண்ட? இந்த வட்டையில உன்னப்போல வயல் செய்யிற ஆம்புளை இல்ல. போற இடமெல்லாம் நான் அதத்தான் சொல்ற. ஆனா செய்யிறது வேற புள்ள, சொல்றது வேற.”

“ஒரு சொல்லுத்தானே போடியார்.”

“ஒரு சொல்லுத்தான். அதாலதான் ஆம்புளை வேணும். பெரிய வேலையெண்டா பொம்புளையளே செய்திருவீங்க.”

“குடி எங்களாலதானே வாறது?”

“உன்னால வரும். உனக்கு வராது. இப்ப பார், குழாயால தண்ணி வருது. குழாயா குடிக்குது?”

அவர் இதை முன்பும் பலரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது.

“ரதீஸ் வட்சப்பில வந்து சொன்னா?”

“ஆள் மண்டபத்துக்குள்ள இரிக்கணும். சிக்னல் போச்செண்டா குடியும் போயிரும்.”

“அப்ப நான் என்ன செய்ய?”

“ஒரு ஆம்புளையக் கொண்டு வா. மாணிக்கத்தி குடியில பிறந்த, வாய் பேசுற ஆம்புளை. நான் வேற ஒண்டும் கேக்கல்ல. படிப்புக் கேட்டனா? குணம் கேட்டனா?”

அவர் திரும்பவும் பேப்பரை விரித்தார். அதில் பெண் ஒருத்தி எங்கேயோ நீதியரசராகப் பதவியேற்ற படம் இருந்தது. அவர் அதைக் கவனமாகப் பார்த்தார். “கெட்டிக்காரி” என்றார்.

வீட்டில் கனகசிங்கம் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். வீடு வதனியுடையது. சீதனமாகத் தாய் எழுதிக் கொடுத்தது. கரண்ட் பில் கனகசிங்கத்தின் பெயரில் வரும்.

“என்னவாம்?” என்றான்.

“ஆம்புளை வேணுமாம்.”

“நான் இரிக்கன்.”

“நீங்க வேற குடி.”

“ஓம் கா” என்று அவன் ஒப்புக்கொண்டான். “நான் ஆம்புளை, குடி பிழை. நீ குடி சரி, ஆம்புளை இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆள் வரும்.”

“நீங்க எங்கட குடியில பிறந்திருக்கலாம்.”

“பிறந்திருந்தா நீ என்னக் கட்டியிருக்க ஏலா. ஒரே குடியெண்டா சகோதரம்.”

வதனி கொஞ்சம் யோசித்தாள்.

“அதுவும் நல்லதுதான்” என்றாள். “நீங்க வந்து உண்டு சொல்லியிருப்பீங்க.”

களுவாஞ்சிக்குடியில் பெண்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று இருந்தது. வதனி துறையில் பாதைப் படகு ஏறி வாவியைக் கடந்து போனாள். அங்கே தனுஷியா என்ற பெண் இணைப்பாளராக இருந்தாள். வதனியைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“அக்கா, உங்களத்தான் தேடினனாங்க. மகளிர் தினத்துக்குச் சிறந்த பெண் விவசாயிக்குப் பரிசு. நீங்க மேடையில மூண்டு நிமிசம் பேசணும். தலைப்பு ‘தலைமை தாங்கும் பெண்’.”

“நான் ஒரு சொல்லுப் பேசத்தான் வழி கேட்டு வந்த நான்” என்றாள் வதனி.

தனுஷியா கதையைக் கேட்டாள். கோபப்பட்டாள். உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இளம் சட்டத்தரணி ஒருவர் இருந்தார். அவரும் கோபப்பட்டார்.

“அரசியலமைப்பில ஆணும் பெண்ணும் சமம்” என்றார். “அதில சந்தேகமே இல்ல.”

“அப்ப நான் உண்டு சொல்லலாமா ஐயா?”

“அது கோயில் வழமை. வழமையில சட்டம் சட்டெண்டு கை வைக்காது. ஆனா வழக்குப் போடலாம். அருமையான வழக்கு. எனக்கே ஆசையாக் கிடக்கு.”

“எப்ப முடியும்?”

சட்டத்தரணி பேனையை மேசையில் வைத்தார்.

“உங்களுக்குப் பிள்ளையள்?”

“ஒரு மகள். கம்பஸ்ல படிக்கிறா.”

“அவ படிச்சு முடிச்சு, கலியாணம் முடிச்சு, ஆம்புளைப் பிள்ளை ஒண்டு பெத்து, அது பேசத் தொடங்கினா உங்களுக்கு வழக்கே தேவைப்படாது. ரெண்டுக்கும் ஏறத்தாழ ஒரே காலம்தான் எடுக்கும்.”

“சபை சித்திரையில ஐயா.”

“அதுக்கிடையில ஒண்டும் செய்ய ஏலாது” என்றார் அவர். வழக்குப் போடும் எண்ணம் வந்தால் தன்னை மறக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மகளிர் தினத்துக்கு வதனி போனாள். மேடையில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எல்லோரும் ஆண்கள். பெண்கள் மங்கள விளக்குக்குத் திரி போட்டார்கள், ஆண்கள் ஏற்றினார்கள். பெண்களைப் பேசவிட வேண்டும் என்பதைப் பற்றிப் பிரதம விருந்தினர் நீளமாகப் பேசினார். அதில் நேரம் போய்விட்டது. வதனியின் மூன்று நிமிடம் விடுபட்டது. பரிசாக ரைஸ் குக்கர் கொடுத்தார்கள். சான்றிதழில் “திருமதி கனகசிங்கம்” என்று இருந்தது.

கனகசிங்கத்துக்கு அது பிடித்திருந்தது. முன் அறையில் மாட்டினான்.

பங்குனியில் குடியின் பெண்கள் வதனியின் வீட்டில் கூடினார்கள். புதிய ரைஸ் குக்கரில் கஞ்சி வைத்தார்கள். பிறகு ஆண்களைத் தேடினார்கள். ஒருவன் பிரான்ஸில். ஒருவன் கட்டாரில். ஒருவன் பெயரை யாரும் சொல்லவில்லை, தாய் பக்கத்தில் இருந்தாள்.

“என்ட பேரன் இரிக்கான்” என்றாள் ஒருத்தி. “எட்டு மாசம்.”

“பேசுறானா?”

“அம்மா எண்டு சொல்றான்.”

“அது காணாது” என்றாள் வதனி. “போடியார் அதக் கேட்டா இன்னும் வில்லங்கம்.”

இன்னொரு முறை கஞ்சி ஊற்றிக்கொண்டார்கள்.

“தருமலிங்கம் இரிக்கானே” என்றாள் சீதேவிப்பிள்ளை. அவள் வதனியின் சின்னம்மா. எல்லோரையும்விட மூத்தவள்.

“ஆர் அது?”

“பெரியக்காட மகன். வாழைச்சேனைக்குக் கடதாசி மில் வேலைக்குப் போனவன். அங்கயே கலியாணம் முடிச்சு இருந்திட்டான்.”

“உசிரோட இரிக்காரா?”

“இரிக்கான். பாஸ்டரா இரிக்கான். இப்ப சாமுவேலாம்.”

கஞ்சிக் கோப்பைகள் கீழே இறங்கின. பிறகு வதனி கேட்டாள்.

“ஆம்புளைதானே?”

“பாஸ்டரும் ஆம்புளைதான்” என்றாள் சீதேவிப்பிள்ளை.

வதனியைக் கனகசிங்கம் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனான். ஓட்டோவுக்கு அன்றுதான் முதல் தடவையாக நீளமான ஓட்டம். கல்லடிப் பாலத்தில் நிறுத்தித் தேநீர் குடித்தார்கள். வாழைச்சேனையில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் போதகரின் வீடு. வீட்டோடு சேர்ந்து தகரக் கூரை போட்ட ஜெப மண்டபம். போதகர் சாமுவேல் தருமலிங்கம் பருத்தவர், நரைத்தவர், அன்பானவர். வதனி யார் என்று தெரிந்ததும் அழுதார்.

“ஒரே பெத்தாட பேரப்பிள்ளையள். சின்னதுல உங்களத் தூக்கித் திரிஞ்ச நான். ஸ்தோத்திரம். வாங்க, வாங்க.”

வதனி வந்த காரியத்தைச் சொன்னாள். போதகரின் முகம் மாறியது.

“அம்மன் கோயிலுக்கா? நானா?”

“கும்பிட வேணாம் அண்ணன். திருநீறு பூச வேணாம். மண்டபத்துல இருந்து ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்.”

“தங்கச்சி, விக்கிரகத்துக்கு முன்னால போய் நிக்காதீங்க எண்டு முப்பது வருசமாப் பிரசங்கம் வைக்கிறன்.”

“கதவு பூட்டியிரிக்கும்” என்றான் கனகசிங்கம். “விக்கிரகம் உங்களப் பாக்காது மச்சான்.”

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறாரா யோசிக்கிறாரா என்று தெரியவில்லை. அவருடைய மனைவி நேசராணி பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள்.

“ஏன், நீங்களே சொன்னா என்ன மச்சாள்?” என்று வதனியிடம் கேட்டாள்.

“பொம்புளையள் சபையில பேச ஏலாதாம்.”

போதகர் கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் முதன்முறையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது.

“அது நல்ல ஒழுங்குதானே” என்றார். “எங்கட சபையிலயும் அப்படித்தான். பொம்புளையள் பாடலாம். சாட்சி சொல்லலாம். பிரசங்கம் வைக்க ஏலா.”

“அதுவும் நான் எழுதிக் குடுக்கிற பிரசங்கம்” என்றாள் நேசராணி வதனியிடம், மெதுவாக.

போதகருக்கு அது கேட்கவில்லை. அவருக்குக் கோயில் வண்ணக்கரின் மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

“அந்தக் கந்தப்போடி எப்படிப்பட்ட ஆள்?” என்று கேட்டார்.

“உங்களப்போலத்தான் அண்ணன்” என்றாள் வதனி.

அவர் வரச் சம்மதித்தார். நேசராணியும் சேர்ந்து சொன்னாள். தாய் வயிற்றில் பிறந்த பாத்தியதையை விடக் கூடாது என்றாள். வேதாகமத்திலேயே அதற்கு வசனம் இருக்கிறது என்றாள். எந்த வசனம் என்று போதகர் கேட்டார். வழியில் தேடிப் பாருங்கள் என்றாள்.

சபை நாள் காலையில் பெண்கள் மண்டபத்தைக் கூட்டிக் கழுவினார்கள். பாய் விரித்தார்கள். தேநீர்ப் பானையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு வெளியே போய் வேப்பமரத்தின் கீழ் நின்றார்கள். மண்டபத்துக்கு அரைச் சுவர்தான். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. எல்லாம் கேட்டது. உள்ளே இருப்பது சபை, வெளியே இருப்பது நிழல் என்று மட்டும் ஒரு பிரிவு இருந்தது.

கந்தப்போடி முதலில் தன் குடியின் பெயரைத் தானே சொல்லி, தானே எழுந்து, “உண்டு” என்றார். பிறகு மற்றக் குடிகள். உண்டு, உண்டு என்று வந்துகொண்டிருந்தது. தங்கையின் மகனான அவருடைய மருமகன் முன் வரிசையில் புது வேட்டியோடு இருந்தான்.

கடைசிப் பாயில் வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்ட போதகரைக் கந்தப்போடி அப்போதுதான் கண்டார்.

“அது ஆர்?”

“மாணிக்கத்தி குடி ஆம்புளை” என்றான் கனகசிங்கம். “தருமலிங்கம்.”

“பாஸ்டர் போல இரிக்கார்.”

“பாஸ்டர்தான்.”

மண்டபத்தில் இரைச்சல் எழுந்தது. வேதக்காரர் ஒருவர் அம்மன் சபையில் இருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். மதம் மாறினால் குடியும் மாறுமா என்று இன்னொருவர் கேட்டார். மாறாது, தாய் மாறவில்லையே என்றார் மூன்றாமவர். அப்படியானால் அவர் கும்பிட வேண்டுமா என்று கேள்வி வந்தது. சபையில் இருக்கும் பலரே கும்பிடுவதில்லை என்று பதில் வந்தது. பழைய வழமையைச் சொல்லக்கூடியவர்கள் யோசித்தார்கள். குடியில் பிறந்தவராக இருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும், ஆளாக வந்திருக்க வேண்டும். அம்மனை நம்ப வேண்டும் என்று வழமையில் எங்கும் இல்லை.

“அந்தக் காலத்து ஆக்களுக்கு அது தோணியிராது” என்றார் ஒரு கிழவர் வருத்தமாக.

கந்தப்போடி கடைசி வழியைப் பிடித்தார்.

“இவர் மாணிக்கத்தி குடிப் பொம்புளைட வயித்துல பிறந்தவர் எண்டு ஆர் கண்ட?”

நியாயமான கேள்வி. போதகர் பிறந்தபோது உடனிருந்த ஆண் யாரும் இல்லை. பிறப்பை நேரில் கண்டவள் சீதேவிப்பிள்ளை. அவள் வேப்பமரத்தின் கீழ் நின்றாள்.

“நான் கண்ட நான்” என்றாள் அங்கிருந்தே.

சபை அவளைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

“வெளியில ஏதோ சத்தம் கேக்குது” என்றார் கந்தப்போடி. “என்னவாம் எண்டு விசாரிச்சு வாங்க கனகசிங்கம்.”

கனகசிங்கம் எழுந்து அரைச் சுவர் வரை போனான்.

“மாமி, என்னவாம்?”

“இவன நான்தான் கையில ஏந்தின. கால் முதல்ல வந்து தாயப் படாத பாடு படுத்தினவன்.”

கனகசிங்கம் திரும்பினான்.

“கால் முதல்ல வந்தவராம்.”

“எங்களுக்கும் கேட்ட...” என்று தொடங்கிய ஒருவரைப் பக்கத்திலிருந்தவர் தொடையில் தட்டினார்.

“அடையாளம் ஏதும்?” என்றார் கந்தப்போடி.

“அடையாளம் ஏதுமாம் மாமி.”

“இரிக்கு. இடுப்புக்குக் கீழ ஒரு மச்சம். எங்க எண்டு வேணுமெண்டா வந்து சொல்றன்.”

கனகசிங்கம் அதைச் சபைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போதகர் எழுந்து, மச்சம் இருப்பது உண்மை என்று தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். ஒரு பெண்ணின் சாட்சி இப்படி ஓர் ஆணின் வாயால் உறுதியானது. சபை திருப்திப்பட்டது.

கந்தப்போடி மருமகனைப் பார்த்தார். மருமகன் பாயைப் பார்த்தான்.

“மாணிக்கத்தி குடி” என்று கூப்பிட்டார்.

போதகர் நின்றுகொண்டுதான் இருந்தார். வாயைத் திறந்தார்.

அவருக்கு நேரே அம்மனின் கதவு இருந்தது. பூட்டியிருந்தது. கதவின் மேல் குங்குமம் அப்பியிருந்தது. சின்ன வயதில் அந்தக் கதவைக் கண்டு பயந்து தாயின் சேலைக்குள் ஒளிந்தவர் அவர். இப்போது அந்தப் பயமும் முப்பது வருடப் பிரசங்கமும் ஒன்றாக எழுந்து நின்றன. வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை.

“மாணிக்கத்தி குடி” என்றார் கந்தப்போடி இரண்டாம் முறை. அவருடைய குரலில் இரக்கம் இருந்தது.

போதகரின் உதடு அசைந்தது. நெற்றியில் வியர்வை இறங்கியது.

வேப்பமரத்தின் கீழ் வதனி நின்றாள். அவளுக்கு முள்ளிமடு தெரிந்தது. கிழக்கு மூலையில் ஒவ்வொரு போகமும் உடையும் வரம்பு தெரிந்தது. புது வேட்டிக்காரன் அந்த வரம்பைக் கட்டமாட்டான். குத்தகைக்கு விட்டுவிட்டு மட்டக்களப்பில் போய் இருப்பான். கம்சாயினிக்கு இன்னும் மூன்று வருடப் படிப்பு இருந்தது.

மூன்றாம் முறைக்குப் பிறகு கூப்பிடுவதில்லை.

“மாணிக்கத்தி குடி.”

“உண்டு.”

உரத்த குரல். வயலில் யானை விரட்டிப் பழகிய குரல். மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய் அம்மனின் கதவில் பட்டது. போதகரின் வாய் இன்னும் திறந்தே இருந்தது.

ஒருவரும் வேப்பமரத்தின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கண்டதாகிவிடும்.

கந்தப்போடி அவசரப்படவில்லை. அவர் வழமை தெரிந்தவர். கூப்பிட்ட பெயருக்குப் பெண் குரல் பதிலாக விழுந்தால் சபை கலையும். தீட்டுக் கழிக்க வேண்டும். புதிதாக நாள் பார்க்க வேண்டும். சடங்கு நோட்டீஸ் அடித்தாயிற்று. ஸ்பீக்கருக்கும் பந்தலுக்கும் சொல்லியாயிற்று. எல்லாவற்றையும்விட, சபை கலைந்தால் அதுவரை சொல்லப்பட்ட எல்லா உண்டும் இல்லையாகும். அவருடையதும்.

மண்டபத்திலிருந்த ஒவ்வொரு ஆணுக்கும் தன் தன் வயல் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“பாஸ்டருக்கு நல்ல தொண்டை” என்றார் யாரோ.

“ஓம். பேசிப் பழகின தொண்டை.”

“கொஞ்சம் கீச்சு.”

“பிரசங்கம் வைக்கிற ஆக்களுக்கு அப்படித்தான் வரும்.”

போதகர் வாயை மூடினார். இருந்தார்.

“மாணிக்கத்தி குடி உண்டு” என்று அறிவித்தார் கந்தப்போடி. மருமகன் எழுந்து தேநீர் குடிக்கப் போனான்.

சபை முடிந்ததும் போதகர் ஓட்டோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தங்கச்சி, நான் சொன்ன நானா?”

“சொன்ன நீங்க அண்ணன்.”

“எனக்கு ஞாபகமில்ல.”

“எல்லாருக்கும் கேட்டது.”

அவர் அதை ஏற்றுக்கொண்டார். தன் வாயில் கர்த்தர் சத்தத்தைக் கொடுத்தார் என்று வாழைச்சேனையில் சாட்சி சொல்லப்போவதாகச் சொன்னார். நேசராணியை எழுதித் தரச் சொல்ல வேண்டும் என்றார்.

கந்தப்போடி சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். போதகருக்குக் கை கூப்பினார். பிறகு வதனியின் அருகில் வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்.

“வாற வருசம் கொஞ்சம் மெதுவாச் சொல்லு புள்ள. பாஸ்டருக்கு வயசு போயிட்டு. அவ்வளவு சத்தம் வராது.”

வதனி அவரைப் பார்த்தாள். சொல்ல நிறைய இருந்தது. வயலுக்கு அவையெல்லாம் உதவாது.

“முள்ளிமடு வாய்க்கால்ல தண்ணி எப்ப திறப்பீங்க போடியார்? நான் உழவு பிடிக்கணும்.”

“அத நான் உன்ட புருசனோட கதைக்கிறன்” என்றார் கந்தப்போடி.

அவர் கனகசிங்கத்தின் பக்கம் திரும்பினார். புதன்கிழமை திறக்கும் என்றார். மேல் மடை முதலில், பிறகு கீழ் மடை என்றார். கனகசிங்கம் தலையாட்டினான். எது மேல் மடை என்று கேட்டான். கந்தப்போடி ஒரு குச்சியை எடுத்து மணலில் வாய்க்காலைக் கீறிக் காட்டினார். போதகரும் குனிந்து பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து இருந்தது. வதனியிடம் கேட்கலாம் என்று கனகசிங்கம் நிமிர்ந்தான்.

அவள் அங்கே இல்லை. உழவு மெஷின்காரனைப் பிடிக்கப் போய்விட்டாள்.